சனியின் வளையத்தில் ஒரு நெளிவு

திருநகர், மதுரை
24 நவம்பர் 2025

அன்புள்ள தம்பி ஜெரால்டுக்கு,

மதினி ஐரின் எழுதுவது. நீங்களும் வீட்டில் உள்ளவர்களும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கும் எல்லோரும் நலம் என்று அடுத்த வரி வர வேண்டும். அதை இப்போதைக்கு எழுதாமல் விடுகிறேன்.

கையால் எழுதி மெல்போர்னுக்குத் தபாலில் அனுப்புவது உங்களுக்கு வேடிக்கையாக இருக்கலாம். போனில் பேசினால் உங்கள் அண்ணன் பக்கத்தில் இருப்பார். பாதியில் வாங்கிப் பேசவும் செய்வார். வாட்ஸப்பில் எழுதினால் நீங்கள் ஒரு கட்டைவிரல் படத்தைப் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவீர்கள். இதை நீங்கள் உட்கார்ந்து படிக்க வேண்டும்.

முதலில், உங்கள் அண்ணனின் டெலஸ்கோப்புக்கு நீங்கள் அனுப்பிய ஐபீஸ். செப்டம்பரில் வந்த அன்றைக்கே உங்கள் அண்ணன் போனில் நன்றி சொல்லிவிட்டார். கண் வைத்துப் பார்க்கிற ஒரு சிறு குழாய்க்குள் இத்தனை லென்சுகளை அடுக்க முடியும் என்று இயற்பியல் பாடம் நடத்துகிற எனக்கே தோன்றியதில்லை. கையில் எடுத்தால் மாதுளம்பழம் கனம் கனக்கிறது. அது நல்ல ஐபீஸ். இதை நான் சோதித்துப் பார்த்துத்தான் எழுதுகிறேன் என்பதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

டெலஸ்கோப்போடு வந்த முதல் ஐபீஸில் நடுவில் இருந்த நட்சத்திரம் புள்ளியாகத் தெரியும். ஓரத்துக்குப் போகப் போக அதற்குச் சிறகு முளைக்கும். 'காக்கா பறக்குது' என்று உங்கள் அண்ணன் குறைப்பட்டது நியாயம்தான். சாய்வாக வருகிற ஒளியை ஒரே புள்ளியில் சேர்க்க மலிவான லென்சால் முடிவதில்லை. அதில் பாதிக் குற்றம் அடியில் இருக்கும் குழி ஆடியுடையது. அந்தக் குறைக்குக் கோமா என்று பெயர். 'ஓரத்துல கோமா இருக்குப்பா' என்று அவர் பள்ளிக்கூடத்தில் சொல்லப்போய், பி.டி. சார் தங்கப்பாண்டி, 'அய்யய்யோ, எந்த ஆஸ்பத்திரிண்ணே?' என்று கேட்டது உங்களுக்கும் தெரியும்.

நீங்கள் அனுப்பிய இரண்டாவது ஐபீஸில் காக்கைகள் ஏறக்குறைய அடங்கின. ஆனால் நிலாவை ஓரத்துக்குக் கொண்டுபோனால் அதன் விளிம்பில் ஒரு பக்கம் ஆரஞ்சும் மறு பக்கம் நீலமுமாகச் சேலைக்கரை போல ஒரு கோடு வந்தது. ஒவ்வொரு நிறத்தையும் லென்ஸ் ஒவ்வொரு அளவில் பெரிதாக்குவதால் வருவது அது. அந்தப் புகாரும் நியாயம். இப்போது வந்திருக்கும் மூன்றாவதில் நிறக்கோடு இல்லை, காக்கையும் ஏறக்குறைய இல்லை. எதிர்த்தெருச் செல்போன் கோபுரத்தைப் பகலில் பார்த்தேன். ஓரத்தில் அதன் கால்கள் கொஞ்சம் வெளிப்பக்கமாக வளைகின்றன. வானத்தில் நேர்கோடு கிடையாது என்பதால் செய்தவர்கள் தெரிந்தே விட்டுக்கொடுத்த குறை அது. நான் அதைக் குறையில் சேர்க்கவில்லை.

இந்த மூன்றாவதைப் பற்றி உங்கள் அண்ணன் சொல்லும் புகார் வேறு மாதிரி. நடுவில் மங்கலாக இருக்கிறது என்கிறார்.

நீங்கள் போனில் கொடுத்த விளக்கத்தைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். கண்ணைச் சரியான இடத்தில் வைக்காவிட்டால் அவரைக்கொட்டை வடிவில் ஒரு நிழல் நடுவில் மிதக்கும், பெரிய ஐபீஸ்களில் அது சகஜம் என்றீர்கள். உண்மைதான், எனக்கும் அது தெரிந்தது. தலையை இம்மி நகர்த்தினால் அது ஓடிவிடுகிறது. உங்கள் அண்ணன் சொல்லும் மங்கல் ஓடுவதில்லை. அவர் எதைப் பார்க்கிறாரோ அதன் மேலேயே போய் உட்காருகிறது.

தம்பி, நீங்கள் என்ஜினியர். நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இருந்தாலும் எழுதுகிறேன். ஐபீஸின் குறைகள் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கித்தான் வளரும். நடு எந்த ஐபீஸிலும் நன்றாகவே இருக்கும், மலிவானதிலும்கூட. ஒன்றைவிட ஒன்று உயர்ந்தது என்று நீங்கள் தேடித் தேடி வாங்கினீர்களே, அந்த உயர்வு முழுவதும் ஓரத்துக்குத்தான். ஓரம் சுத்தமாகவும் நடு கெட்டும் இருக்கிற ஐபீஸை நான் பார்த்ததில்லை.

இன்னொன்று. மங்கலான நட்சத்திரக் கூட்டங்களை நேராகப் பார்த்தால் தெரியாது, சற்றுத் தள்ளிப் பார்வையை வைத்தால் தெரியும். விழித்திரையின் நடு பகலுக்கானது, சுற்றுப்புறம் இருட்டுக்கானது. வானம் பார்க்கிறவர்கள் எல்லோரும் பழகுகிற வித்தை. இதில் உங்கள் அண்ணன் கெட்டிக்காரர் என்று நண்பர்களிடையே பெயர். இந்த ஒரு வருடமாக அந்தக் கெட்டிக்காரத்தனம் கூடிக்கொண்டே வருகிறது. பேப்பரையும் அப்படித்தான் படிக்கிறார். சாம்பார் ஊற்றும்போது கிண்ணத்துக்குப் பக்கத்தில் பார்த்துக்கொண்டு ஊற்றுகிறார். கேட்டால், 'வானம் பாத்துப் பாத்து வந்த பழக்கம், ஐரின்' என்கிறார். நானும் சிரித்துவிட்டு ரசத்தை நகர்த்தி வைத்தேன்.

போன சனிக்கிழமை செக்கானூரணிக்கு அப்பால் தங்கப்பாண்டியின் தோப்புக்குப் போயிருந்தோம். நாலு நாள் மழைக்குப் பிறகு வானம் துடைத்துவிட்டது போல இருந்தது. இருட்டியதும் சனி நன்றாக மேலே வந்திருந்தது. இப்போது அதன் வளையம் நமக்கு விளிம்பைக் காட்டி நிற்கிறது, தட்டைப் பக்கவாட்டில் பிடித்தது போல. மெல்லிய ஒரு நேர்கோடுதான் தெரிய வேண்டும். உங்கள் அண்ணன் வெகுநேரம் பார்த்துவிட்டு, 'கோடு நடுவுல நெளியுது. ஜெரால்டு அனுப்புனதும் சொத்தைதான் போல' என்றார்.

தங்கப்பாண்டி குனிந்து பார்த்தார். 'நெளியவெல்லாம் இல்லண்ணே. மிளகை ஊசில குத்துன மாதிரி கணக்கா நிக்குது' என்றார். அடுத்து அவர் மனைவி மீனா பார்த்தார். 'நேராத்தேன் இருக்கு. ஆமா, இம்புட்டுக்காணு சனிக்கா வாராவாரம் எள்ளு விளக்குப் போடுறோம்?' என்றார். 'மெதுவாப் பேசு, காதுல விழுந்துறப் போவுது' என்று தங்கப்பாண்டி பதறியதில் எல்லோரும் சிரித்தோம். பிறகு நான் பார்த்தேன். நேராக இருந்தது.

ஐபீஸை அதன் பிடிக்குள்ளேயே கால்வட்டம் திருப்பினேன். குறை ஐபீஸில் இருந்தால் நெளிவும் கூடவே திரும்ப வேண்டும். உங்கள் அண்ணனைப் பார்க்கச் சொன்னேன். அப்படியேதான் இருக்கிறது என்றார். அப்படியானால் ஐபீஸில் இல்லை என்றேன். 'சரி, அப்ப அடியில இருக்குற ஆடில இருக்கும்' என்றார். ஆடியில் இருந்தால் எங்கள் மூன்று பேருக்கும் தெரிய வேண்டுமே என்றேன். 'உங்களுக்கெல்லாம் பாக்கத் தெரியல' என்றார். தங்கப்பாண்டிக்குச் சொன்னது சரி. ஒளியியல் ஆய்வகத்தில் இத்தனை வருடம் கழித்த எனக்கும் சேர்த்துத்தான் சொன்னார்.

மிச்சம் ஒரு சோதனை இருந்தது. பார்த்துக்கொண்டே தலையைத் தோள்பக்கம் சாய்க்க வேண்டும். நெளிவு தலையோடு சேர்ந்து திரும்பினால் அது பார்க்கிறவரின் கண்ணில் இருக்கிறது. நான் ஏன் சாய்க்கச் சொல்கிறேன் என்று அவருக்குத் தெரியும். ஐபீஸிலிருந்து கண்ணை எடுத்துவிட்டு, கழுத்து வலிக்கிறது என்றார். தங்கப்பாண்டி விடவில்லை. 'என்னாண்ணே, தலையை ஒருவாட்டி ஆட்டச் சொன்னா மாட்டேங்குறீக? வீட்டுல டீச்சர் சொன்னா டெய்லி ஆட்டுறீகள்ல?' என்றார். உங்கள் அண்ணன் டெலஸ்கோப்புக்கு மூடியைப் போட்டார்.

கிளம்பும்போது கார்ச் சாவியைத் தானாகவே என் கையில் வைத்தார். எங்களுக்குக் கல்யாணமானதிலிருந்து இப்படி நடந்ததில்லை. நாகமலை தாண்டும்வரை இருவரும் மழையைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தோம்.

நான் என்ன நினைக்கிறேன் என்பது இதற்குள் உங்களுக்குப் புரிந்திருக்கும். அவருக்குச் சர்க்கரை இருக்கிறது. மாத்திரையை ஞாயிற்றுக்கிழமை, கல்யாண வீடு, பரீட்சைக் காலம் தவிர மற்ற நாட்களில் போடுகிறார். கண்ணைக் காட்டலாம் என்று நான் மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டேன். உங்கள் வீட்டில் அதற்கு ஒரே பதில்தான் உண்டு. உங்கள் அப்பா ஆஸ்பத்திரிக்குப் போனார், லேசர் போட்டார்கள், அதன் பிறகு பார்வை போய்விட்டது. போன பிறகு நடந்தது எல்லாம் போனதால் நடந்தது ஆகாது என்று கணக்கு வாத்தியாரான அவருக்கு நான் சொல்ல வேண்டியிருக்கிறது. மாமா கோயிலில் வேதபாடம் வாசிக்கும்போது முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டு வாசிப்பார். மனப்பாடமாகத் தெரிந்ததால் புத்தகத்தைப் பார்க்காமல் வாசிக்கிறார் என்று சபையில் சொல்லிக்கொள்வார்கள். நான் கல்யாணமாகி வந்த புதிதில் பார்த்தது. அவர் ஆஸ்பத்திரிக்குப் போனது அதற்கு வெகுகாலம் கழித்து.

உங்களிடம் கேட்பது இரண்டு. டிசம்பரில் உங்கள் அலுவலகத்துச் சத்யப்ரியா ஊருக்கு வரும்போது இன்னொரு ஐபீஸ் கொடுத்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். தயவுசெய்து கொடுத்துவிட வேண்டாம். ஒன்று வந்துகொண்டிருக்கிறது என்று தெரிந்தால், 'அது வரட்டும், வச்சுப் பாத்துட்டு முடிவு பண்ணலாம்' என்பார். இப்போதே அப்படித்தான் சொல்கிறார். விழித்திரை அப்படிக் காத்திருக்குமா என்று எனக்குத் தெரியாது.

இரண்டாவது, ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்கள். கருவி விஷயத்தில் அவர் நம்புவது உங்களை மட்டும்தான். ஐபீஸில் குறை இல்லை என்பதை நான் சொன்னால் அது வீட்டுப்பேச்சு. நீங்கள் சொன்னால் தீர்ப்பு.

மகள் டயானா பெங்களூரில் சுகம். கிறிஸ்துமஸுக்கு வருகிறாள். அவளிடம் நான் இன்னும் எதுவும் சொல்லவில்லை. மாடியில் மழைத் தண்ணீர் தேங்குகிற மூலையைச் சரிசெய்துவிட்டோம்.

முதலில் எழுதாமல் விட்ட வரியை இப்போதும் எழுத முடியவில்லை. தெரியாத ஒன்றை நலம் என்று எழுதி எனக்குப் பழக்கமில்லை. அதை எழுதும்படி நீங்கள்தான் செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் மதினி
ஐரின்


திருநகர், மதுரை
9 ஜனவரி 2026

அன்புள்ள தம்பி ஜெரால்டுக்கு,

புது வருடம் உங்கள் எல்லோருக்கும் நல்லதாக அமையட்டும். என் கடிதம் உங்களுக்குக் கிடைத்தது என்பதை, நீங்கள் உங்கள் அண்ணனுக்கு அனுப்பிய குரல்செய்தியிலிருந்து தெரிந்துகொண்டேன். கடிதம் வந்ததை அதில் நீங்கள் வாய்விட்டுச் சொல்லவில்லை. எனக்குச் சங்கடம் வராமல் பார்த்துக்கொண்டீர்கள். அதற்கு நன்றி.

அந்தச் செய்தி வந்தது கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம். நான் சமையலறையில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். உங்கள் அண்ணன் போனைத் தூக்கிக்கொண்டு உள்ளேயே வந்து, சத்தமாக வைத்தார். நீங்கள் சொன்னதை உங்களுக்கே திருப்பி எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. 'அண்ணே, மதினிகிட்ட கவலைப்பட வேணாம்னு சொல்லுங்க. அதே ஐபீஸ்தான் நானும் வச்சிருக்கேன். எனக்கும் நடுவுல விரல் பட்ட கண்ணாடி மாதிரி லேசா மங்கலாத்தான் இருக்கு. சனி வளையம் இங்கயும் கொஞ்சம் நெளியுது. அந்த மாடலோட குணம் அது. அடுத்தது வரட்டும், சரியாயிடும்.'

உங்கள் அண்ணனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. 'பாத்தியா ஐரின்! ரெண்டு ஆளு, ரெண்டு ஐபீஸ், ரெண்டு டெலஸ்கோப்பு. நான் மதுரைல பாக்குறேன், அவன் மெல்போர்ன்ல பாக்குறான். ஒரே குறை. இதுக்கு மேல உனக்கு என்ன ஆதாரம் வேணும்?' என்றார்.

நியாயமான கேள்வி. தனித்தனியாக இரண்டு இடங்களில் எடுத்த அளவுகள் ஒத்துப்போனால் நம்பலாம் என்றுதான் நானும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். ஆனால் அந்த அளவுகள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவையாக இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்வேன். பூண்டை வைத்துவிட்டு, 'ரெண்டு ஐபீஸ்தாங்க. ஆனா அப்பா ஒருத்தர்தானே?' என்றேன்.

அவர் போனை அணைத்தார். பிறகு மாடிக்குப் போனார். சாப்பிட வந்தபோது டயானாவிடம் ரயில் டிக்கெட் பற்றிப் போனில் பேசினார்.

மறுநாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டே, 'அவனுக்கு நாப்பத்தேழுதானே ஆகுது?' என்று கேட்டார். ஆமாம் என்றேன். 'அவனுக்குச் சர்க்கரை இருக்குதா?' எல்லையில் இருப்பதாகப் போன வருடம் நீங்கள் சொன்னதை நினைவுபடுத்தினேன். வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து, 'நான் போய்க் காட்டாம அவனைப் போன்னு எப்படிச் சொல்றது? ஆஸ்பத்திரிக்குப் போக ஆட்டோ கிடைக்குமா, நீயே ஓட்டுறியா?' என்றார்.

ஒரு வருடமாக நான் சொல்லி நடக்காதது இப்படி நடந்தது. தனக்காக அவர் போகவில்லை. அதைப் பற்றி எனக்கு வருத்தமும் இல்லை.

ஆஸ்பத்திரியில் கூட்டம். கண்ணில் மருந்து விட்டு உட்கார வைத்தார்கள். உள்ளே ஒரு இளம் பெண் டாக்டர். கட்டம் கட்டமாகக் கோடு போட்ட ஒரு அட்டையைக் காட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு நடுவில் இருக்கும் புள்ளியைப் பார்க்கச் சொன்னார். உங்கள் அண்ணன் பார்த்தார். புள்ளிக்கு மேலே கோடுகள் நெளிகின்றன என்றார். டாக்டர் எழுதிக்கொள்ளப் போனார். அப்போது உங்கள் அண்ணன், 'டாக்டரம்மா, ஒரு நிமிஷம். அந்த அட்டையைக் கால்வட்டம் திருப்பிப் பிடிங்க' என்றார். டாக்டருக்குப் புரியவில்லை, என்னைப் பார்த்தார். நான் எழுந்துபோய் அட்டையைத் திருப்பிப் பிடித்தேன். அவர் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தார். 'அதே இடத்துல, மேலதான் நெளியுது' என்றார். அப்புறம், மிகவும் மெதுவாக, 'சரி. அட்டைல இல்ல' என்றார்.

தோப்பில் மறுத்த சோதனையை அவரே முடித்துக்கொண்டார். அட்டையை மேசையில் வைத்துவிட்டு நான் என் நாற்காலிக்குத் திரும்பினேன்.

பிறகு எடுத்த படத்தில் விழித்திரையைக் குறுக்காக வெட்டிப் பார்த்தது போலத் தெரிந்தது. நடுவில் ஒரு சிறு பள்ளம் இருக்க வேண்டுமாம். வலக் கண்ணில் அந்த இடம் மேடாக இருந்தது. சர்க்கரையால் ரத்தக்குழாய்களிலிருந்து நீர் கசிந்து ஏற்பட்ட வீக்கம் என்றார்கள். திரை மேடிட்டால் அதில் விழுகிற படம் நெளியத்தான் செய்யும். உங்கள் ஐபீஸைச் செய்தவர்களால் திருத்த முடியாத குறை அது. இடக் கண்ணில் இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. மாதத்துக்கு ஒன்றாகக் கண்ணுக்குள் ஊசி. முதலாவது போட்டாகிவிட்டது. ஊசி போடுவதற்கு முன் என் கையைப் பிடித்துக்கொண்டார். போட்ட பிறகு, கொசுக்கடி அளவுதான் என்று டயானாவிடம் பெருமையடித்துக்கொண்டார். வலக் கண்ணில் போன பார்வை முழுதாகத் திரும்பும் என்று டாக்டர் சொல்லவில்லை. இருப்பது நிற்கும், கொஞ்சம் கூடலாம் என்றார். இடக் கண்ணைக் காப்பாற்றிவிடலாம் என்று மட்டும் உறுதியாகச் சொன்னார். இன்னும் ஒரு வருடம் விட்டிருந்தால் என்று கேட்டேன். 'அதை ஏன் கேக்குறீங்க, இப்ப வந்துட்டீங்கல்ல' என்றார். மாமாவின் லேசரைப் பற்றியும் உங்கள் அண்ணன் கேட்டார். தான் பார்க்காத கண்ணைப் பற்றி எதுவும் சொல்வதற்கில்லை என்றார். எனக்கு அந்த டாக்டரைப் பிடித்துவிட்டது.

மாத்திரைகளை இப்போது ஞாயிற்றுக்கிழமையும் போடுகிறார். தங்கப்பாண்டி வந்து பார்த்துவிட்டு, 'அண்ணே, அன்னைக்கே தலையை ஆட்டியிருந்தீகன்னா இந்த ஊசி முன்னாடியே முடிஞ்சிருக்கும்ல' என்று சொல்லிவிட்டு, பிறகு வாசலில் என்னிடம், பள்ளிக்கூடத்துக்கு இனித் தானே கூட்டிப்போய்க் கொண்டுவந்து விடுவதாகச் சொன்னார். சொன்னபடி காலையில் வாரேன் என்று போன் செய்துவிட்டுத்தான் வருகிறார்.

இனி உங்கள் விஷயம். உங்கள் ஐபீஸும் நல்ல ஐபீஸாகத்தான் இருக்கும். அதே மாதிரி ஒன்றில் நான் பார்த்தேன், தங்கப்பாண்டியும் மீனாவும் பார்த்தார்கள், வீட்டுக்கு வந்த டயானாவும் பார்த்தாள். ஒருவருக்கும் நடுவில் மங்கல் தெரியவில்லை. தெரிந்தது உங்கள் இருவருக்கும் மட்டுமே. உங்களுக்கு இருப்பது இதுதான் என்று நான் சொல்ல வரவில்லை. வெறும் விரல்ரேகையாகவும் இருக்கலாம், துடைத்தால் போய்விடலாம். மெல்போர்னில் இருக்கிற ஒரு கண்ணை மதுரையிலிருந்து சோதிக்க என்னால் முடியாது.

ஆகையால் இத்துடன் ஒரு தாள் வைத்திருக்கிறேன். ஆஸ்பத்திரி அட்டையைப் பார்த்து நானே ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டது. படிக்கும் தூரத்தில் பிடித்து, ஒவ்வொரு கண்ணாக மூடிக்கொண்டு புள்ளியைப் பாருங்கள். எங்காவது கோடு நெளிந்தால் தாளைத் திருப்பிப் பாருங்கள். நெளிவு தாளோடு திரும்பினால் என் ஸ்கேல் சரியில்லை என்று எழுதுங்கள், ஒப்புக்கொள்கிறேன். திரும்பாவிட்டால் எனக்கு எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். தாளில் எல்லாம் நேராகத் தெரிந்தாலும் ஒருமுறை போய்க் காட்டிவிட்டு வாருங்கள்.

கட்டங்களை நான் போட்டாலும், நடுப்புள்ளியைத் தான்தான் வைப்பேன் என்று உங்கள் அண்ணன் பேனாவை வாங்கிக்கொண்டார். இடக் கண்ணை மூடிக்கொண்டு வைத்தார். வைத்துவிட்டு, சரியாக நடுவில் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன். அது சற்று விலகியிருப்பது உங்களுக்குத் தெரியும். தெரிய வேண்டும்.

சத்யப்ரியா கொடுத்துவிட்டுப் போன புது ஐபீஸ் பெட்டி பிரிக்காமல் அலமாரியில் இருக்கிறது. நீங்கள் ஊருக்கு வந்துதான் பிரிக்க வேண்டும் என்கிறார் உங்கள் அண்ணன். எப்போது வருவீர்கள் என்று அவர் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

மாமா இருந்தால் கடிதத்தை ஜெபத்தோடு முடித்திருப்பார். எனக்கு அது வராது. தாளில் இருக்கிற கோடுகள் எல்லாம் உங்களுக்கு நேராகத் தெரியட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மதினி
ஐரின்